தரைக்குப் புதுக் கல் பதிக்கும் செலவு: கோட்டையூர் வீட்டுக்கு வந்த மதிப்பீடு சரிதானா?

கோட்டையூர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். கோட்டையூரில் எங்கள் ஐயா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. முகப்பு, பட்டாலை என்கிற கூடம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், இரண்டு அறைகள், அடுப்படி என்ற அளவில் அமைந்த நடுத்தர வீடுதான்; கானாடுகாத்தான் மாளிகைகளைப் போன்றதன்று. தரை முழுவதும் சிவப்புக் காவி பூசிய பழைய சிமெண்ட் தரை. பல இடங்களில் வெடித்து, தாழ்வாரத்தில் ஒரு பக்கம் உள்வாங்கியும் விட்டது. வருகிற தை மாதம் அண்ணன் மகள் திருமணத்தை ஊர் வீட்டிலேயே நடத்துவதென்று முடிவாகியிருப்பதால், அதற்குள் தரையைப் புதுப்பித்துவிட நினைக்கிறோம்.

பட்டாலைக்கும் தாழ்வாரத்துக்கும் ஆத்தங்குடிக் கல்லும் (ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமெண்ட் தரைக்கல்), அறைகளுக்கும் அடுப்படிக்கும் விட்ரிஃபைடு டைல்ஸும் என்று யோசனை. காரைக்குடியிலிருந்து வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், மொத்தம் 1,226 சதுர அடி, சதுர அடிக்கு எல்லாம் சேர்த்து 165 ரூபாய், ஆக 2,02,290 ரூபாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் சென்னையில் இருப்பதால் அருகிலிருந்து எதையும் பார்க்க முடியவில்லை. இந்தத் தொகை நியாயமானதா, இதைத் தாண்டி வேறு செலவு வருமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்மண் காடு:

165 ரூபாய் என்பது அதிகமாகத் தெரிகிறது. இன்னும் இரண்டு பேரிடம் கேட்டு, 140 ரூபாய்க்குப் பேசி முடிக்கப் பாருங்கள்.

மூலைமட்டம்:

விலையைக் குறைத்துப் பேசுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். அடுத்து, ‘எல்லாம் சேர்த்து’ என்பதற்குள் எவையெல்லாம் அடங்கும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். இவ்விரண்டும் தெரியாமல் 165-ஐ 140 ஆக்கினால், குறைத்த 25 ரூபாயை வேறொரு பெயரில் கூடுதல் வேலை என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். கோட்டையூர் வாசி அவர்களே, ஊரில் இருக்கும் யாரையாவது கொண்டு ஒவ்வோர் இடத்தின் நீள அகலத்தையும் நாடா வைத்து அளந்து இங்கே எழுதுங்கள். முற்றத்தின் அளவையும் தனியாகச் சொல்லுங்கள். கடைகளில் விசாரித்த விலை ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கோட்டையூர் வாசி:

தம்பி ஊரில் இருக்கிறார். அவர் அளந்து அனுப்பியவை: பட்டாலை 22 அடிக்கு 14 அடி. முதல் அறை 12-க்கு 10, இரண்டாவது அறை 12-க்கு 11. அடுப்படி 11-க்கு 9. தாழ்வாரத்தின் வெளிச்சுவர் அளவு 24-க்கு 20. நடுவில் முற்றம் 12-க்கு 8. முகப்புத் திண்ணையைத் தொடப்போவதில்லை.

ஒப்பந்தக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். கல், டைல்ஸ், சிமெண்ட், மணல், பதிக்கும் கூலி, ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் கல் பட்டை) ஆகியவை 165 ரூபாய்க்குள் அடங்கும் என்றும், பழைய தரையை உடைப்பது, ரப்பீஸ் (உடைத்த இடிபாடு) அள்ளுவது, ஆத்தங்குடியிலிருந்து வண்டி வாடகை, கடைசியில் துடைத்து மெருகேற்றுவது ஆகியவை தனி என்றும் சொன்னார்.

தம்பி விசாரித்து வந்த விலைகள், வரி உட்பட: பூ வேலைப்பாடுள்ள ஆத்தங்குடிக் கல் சதுர அடி 75 ரூபாய், ஒற்றை நிறக் கல் 55 ரூபாய், விட்ரிஃபைடு 58 ரூபாய். பதிக்கும் கூலி ஆத்தங்குடிக் கல்லுக்கு 45, விட்ரிஃபைடுக்கு 25. ஸ்கர்ட்டிங் ஓடும் அடிக்கு 20. சிமெண்ட் மூட்டை 360, எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) யூனிட் 6,500. உடைக்கும் கூலி சதுர அடிக்கு 15, டிராக்டர் நடை ஒன்றுக்கு 1,500.

மூலைமட்டம்:

இவ்வளவு தெளிவாகக் கொடுத்ததற்கு நன்றி. இனிக் கணக்கைத் தொடங்கலாம்.

பட்டாலை 308 சதுர அடி. அறைகள் 120, 132. அடுப்படி 99. தாழ்வாரத்துக்கு 24-ஐ 20-ஆல் பெருக்கினால் 480. அதில் முற்றத்தின் 96-ஐக் கழிக்க 384. ஆகத் தரைப் பரப்பு 1,043 சதுர அடி. ஒப்பந்தக்காரர் எழுதியிருப்பதோ 1,226. இடையில் இருக்கும் 183 சதுர அடி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

சுவரோரத்து ஸ்கர்ட்டிங்கை எடுத்துக்கொள்வோம். பட்டாலையின் சுற்றளவு 72 அடி, அறைகள் 44, 46, அடுப்படி 40, தாழ்வாரத்தின் வெளிச்சுவர் 88. மொத்தம் 290 அடி. கதவுகளுக்காக ஏறத்தாழ 30 அடி கழித்தால் 260 ஓடும் அடி. நான்கு அங்குல உயரத்துக்கு அது 87 சதுர அடி ஆகும். 1,043-உடன் 87-ஐச் சேர்த்தால் 1,130. மீதம் 96. அதாவது முற்றத்தின் பரப்பு அப்படியே கணக்கில் ஏறியிருக்கிறது. வெளியளவை மட்டும் எடுத்துக்கொண்டு வானம் பார்த்த முற்றத்துக்கும் கல் பதித்ததாகக் கணக்கிட்டிருக்கிறார். வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்ல மாட்டேன். முற்ற வீடுகளை அளந்து பழக்கமில்லாதவர்களிடம் இது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அந்த ஒரு வரியின் விலை 15,840 ரூபாய்.

அடுத்தது கல்லின் அளவு. ஆத்தங்குடிக் கல் எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குலங்களில் கிடைக்கிறது. நூறு சதுர அடிக்கு எட்டங்குலக் கல் 225, பத்தங்குலக் கல் 144, பன்னிரண்டங்குலக் கல் 100 வேண்டும். பலரும் பத்தங்குலக் கல்லைத்தான் விரும்புகிறார்கள். உங்கள் தாழ்வாரத்தின் அகலமோ ஆறடி, அதாவது 72 அங்குலம். பத்தங்குலக் கல் ஏழு வைத்தால் 70 அங்குலம் போக இரண்டு அங்குலம் மிஞ்சும். சுற்றிலும் சுவரோரம் இரண்டங்குலத் துண்டை அறுத்து ஒட்ட வேண்டியிருக்கும். அது பார்வைக்கும் நன்றாக இருக்காது, கூலியும் சேதாரமும் ஏறும். எட்டங்குலக் கல்லாக இருந்தால் குறுக்கே ஒன்பது கல் சரியாக அமர்ந்துவிடும். நீளவாட்டில் 24 அடிக்கு 36 கல், 20 அடிக்கு 30 கல். முற்றத்தின் ஓரம் 18-ம் 12-ம். பட்டாலையும் அப்படியே 33-க்கு 21 என்று துண்டில்லாமல் முடிகிறது. பழைய கொத்தனார்கள் எட்டின் மடங்கில்தான் வீட்டை அளந்தார்களோ என்று நினைக்கும்படி இருக்கிறது.

ஆக, தாழ்வாரத்துக்கு 864 கல், பட்டாலைக்கு 693 கல், சேர்த்து 1,557. உடைசலுக்கும் பின்னாளைய பழுதுக்கும் பத்து விழுக்காடு அளவில் கூட்டி 1,700 கல் சொல்லுங்கள். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகையின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ அச்சை நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்குமேல் கலவையை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடி தானாகவே விட்டுவிடும். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் பளபளப்பான முகம். எல்லாம் கைவேலை என்பதால் ஒரு தடவை கலந்த நிறம் அடுத்த தடவை நூற்றுக்கு நூறு ஒத்து வராது. அதனால்தான் கூடுதல் கல்லை முதல் ஆர்டரிலேயே சேர்த்துச் சொல்கிறேன். நிறங்களும் வளைவுகளும் கூடக்கூட விலை கூடுவதற்கும் காரணம் இதுவே.

கலவைக் கணக்கு: ஆத்தங்குடிக் கல்லுக்கு அடியில் இரண்டங்குலக் கலவை என்று கொண்டால் 692 சதுர அடிக்கு 115 கன அடி வரும். உலர்ந்த நிலையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 153 கன அடி. ஒன்றுக்கு ஆறு கலவையில் அது ஏறத்தாழ 18 மூட்டை சிமெண்டும் 131 கன அடி மணலும் ஆகும். அறைகளிலும் அடுப்படியிலும் ஒன்றரை அங்குலம் போதும். அங்கே 7 மூட்டை, 50 கன அடி மணல். சிமெண்ட் பாலுக்கும் சில்லறை வேலைக்கும் சேர்த்து 30 மூட்டையும், நூறு கன அடி கொண்ட யூனிட் கணக்கில் இரண்டு யூனிட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

விட்ரிஃபைடு இரண்டடிக்கு இரண்டடி என்று கடையில் சொல்வது உண்மையில் 600 மில்லிமீட்டர். நான்கு கல் கொண்ட பெட்டி 16 சதுர அடிக்கு வராது, 15.5 தான் வரும். 351 சதுர அடிக்கு எட்டு விழுக்காடு சேதாரம் சேர்த்து 25 பெட்டி, ஸ்கர்ட்டிங்குக்கு 3 பெட்டி.

தொகையாக்கினால், பூக்கல் 56,700, தாழ்வாரத்துக்கும் பட்டாலைக்கும் ஸ்கர்ட்டிங்காக ஒற்றை நிறக் கல் 110, அது 2,700, விட்ரிஃபைடு 28 பெட்டி 25,200, சிமெண்ட் 10,800, மணல் 13,000, பதிக்கும் கூலி 31,100-ம் 8,800-ம், ஸ்கர்ட்டிங் கூலி 5,200, வெள்ளைச் சிமெண்ட், நிறப்பொடி, இடைவெளி அடைக்கும் பொருள் ஆகியவற்றுக்கு நானாகப் போட்டது 2,500. கூட்டினால் 1,56,000 ரூபாய். ஒப்பந்தக்காரர் தம் 165 ரூபாய்க்குள் தருவதாகச் சொன்ன வேலைகள் இவைதாம்.

திருத்திய 1,130 சதுர அடிக்கு 165 வீதம் கணக்கிட்டால் 1,86,450 வருகிறது. வேறுபாடு 30,000 ரூபாய்க்குச் சற்று அதிகம், அதாவது அடக்கச் செலவில் இருபது விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆள் கூட்டி வந்து, சரக்கை இறக்கி, மேற்பார்வையும் பார்த்து, கல் உடைந்தால் பொறுப்பும் ஏற்கிறவருக்கு அது அதிகமில்லை என்றே நான் சொல்வேன். சென்னையில் இருந்துகொண்டு நீங்களே ஆள் வைத்துச் செய்தால் அந்த முப்பதாயிரம் மிஞ்சும் என்பது உறுதியில்லை. எனவே 165-ல் கை வைக்காதீர்கள். முற்றத்தைக் கழிக்கச் சொல்லுங்கள்.

செம்மண் காடு:

விளக்கத்துக்கு நன்றி. நான் விலையை மட்டும்தான் பார்த்தேன். ஆனாலும் ஒரு கேள்வி: வீடு முழுவதும் விட்ரிஃபைடாகவே போட்டுவிட்டால் செலவு பாதியாகக் குறையாதா? இப்போது ஆத்தங்குடி வடிவத்தையே அச்சிட்ட டைல்ஸும் கிடைக்கிறது.

மூலைமட்டம்:

பாதியாகக் குறையாது. உடைப்பு, ரப்பீஸ், சிமெண்ட், மணல், ஸ்கர்ட்டிங் ஆகியவற்றில் பெரிய மாற்றமில்லை. கல் விலையில் சதுர அடிக்கு 17 ரூபாயும் கூலியில் 20 ரூபாயும் குறையும். 692 சதுர அடிக்கு அது ஏறத்தாழ 25,600 ரூபாய். அதற்கு ஏற்றதா என்பதை வீட்டுக்காரர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.

சுண்ணாம்புக் காரை:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். செலவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஈரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஐயா காலத்து வீடென்றால் சுவர் சுண்ணாம்புச் சுவராகத்தான் இருக்கும்; தரைக்குக் கீழேயும் சுண்ணாம்புக் காரைதான் இருக்கும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் இதுவரை தரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்தது. தரை முழுவதையும் விட்ரிஃபைடு போட்டு மூடினால் அந்த ஈரம் சுவர்ப் பக்கம் திரும்பி, அடிச்சுவரில் பூச்சு பொரிந்து உதிரத் தொடங்கும். ஆத்தங்குடிக் கல் ஓரளவு ஈரத்தை வெளியேற்றும். பழைய வீட்டில் விட்ரிஃபைடைக் குறைவாகப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான், அழகுக்காக மட்டுமன்று.

தாழ்வாரம் ஒரு பக்கம் உள்வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார். அங்கே உடைத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே எந்தக் கல்லைப் பதித்தாலும் பயனில்லை. முற்றத்து மழைநீர் போகும் வடிகால் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். அது கசிந்து மண்ணை அரித்திருந்தால், வடிகாலைச் சரிசெய்து, கிராவல் போட்டு நீர் தெளித்துக் கெட்டிக்க வேண்டியிருக்கும். அதற்கு மதிப்பீட்டில் ஒரு ரூபாய்கூட இல்லை.

கோட்டையூர் வாசி:

வடிகால் அந்தப் பக்கம்தான் போகிறது. நல்ல வேளையாகச் சொன்னீர்கள்.

பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே பதித்துவிட்டால் உடைப்புக் கூலி மிச்சம் என்று தம்பி சொல்கிறார். அது சரிவருமா?

ரசமட்டம்:

வணக்கம். நான் இந்தப் பகுதியில் கல் பதிக்கும் வேலை செய்கிறவன். தங்கள் தம்பியிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள்: எல்லாக் கதவுகளையும் திறந்து மூடி, கதவின் அடிக்கும் தரைக்கும் இடையில் எத்தனை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கலவை இரண்டங்குலம், கல் முக்கால் அங்குலம்; மேலே பதித்தால் தரை இரண்டே முக்கால் அங்குலம் உயரும். பழைய வீட்டு நிலைகளில் அடிப்படி உயரமாக இருக்கும். கதவு அந்தப் படியில் மோதி நிற்கும் வகையாக இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். ஆனால் அறைக்குள்ளே திறக்கும் கதவு தரையில் உரசும். தேக்குக் கதவின் அடியை அறுப்பதென்றால் தச்சருக்குத் தனிக் கூலி. அறுத்த கதவு பிறகு எப்போதும் குட்டையாகத்தான் நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல் முற்றத்தின் ஓரத்தில் இருக்கும் கருங்கல் விளிம்பு. அதன் மட்டம் மாறாது. தாழ்வாரத் தரை அந்த விளிம்புக்கு மேலே இரண்டே முக்கால் அங்குலம் எழுந்து நின்றால், இரவில் முற்றத்தில் இறங்குகிறவர்கள் இடறி விழுவார்கள், கல்லின் விளிம்பும் சீக்கிரம் உடையும். எனவே உடைப்பது நல்லது. உடைக்கும்போது விளிம்புக்கல்லின் மட்டத்தையே அடிப்படையாகக் கொண்டு சுவர்ப் பக்கமிருந்து முற்றத்தை நோக்கிச் சிறிது வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் சாரல் தாழ்வாரம் வரை வரும். வாட்டம் இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும்.

பசை போட்டு மெல்லிதாக ஒட்டலாமே என்று சிலர் கேட்பதுண்டு. விட்ரிஃபைடுக்கு அது சரி. இருபது கிலோ மூட்டை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் நாற்பது, நாற்பத்தைந்து சதுர அடிக்கு வரும். ஆத்தங்குடிக் கல்லின் கனம் கல்லுக்குக் கல் ஒரு நூல் வரை மாறும். கலவையில் தட்டித் தட்டித்தான் மட்டம் கொண்டுவர முடியும்.

மூலைமட்டம் ஐயா துண்டே இல்லாமல் முடியும் என்று எழுதியிருப்பது தாளில் சரி. ஆனால் பழைய சுவர் நான்கு மூலையும் சதுரமாக இருப்பது அரிது. பட்டாலையின் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள்: இரண்டும் 26 அடி 1 அங்குலம் வந்தால் சதுரம். தாழ்வாரத்தின் வெளிமூலைகளுக்கு இடையில் 31 அடி 3 அங்குலம் வர வேண்டும். ஓரங்குலத்துக்குமேல் வேறுபாடு இருந்தால் அதைச் சுவரோரத்தில் ஒற்றை நிறப் பட்டை ஒன்றைக் கொடுத்து மறைக்கலாம்; அதற்கு முப்பது நாற்பது வெற்றுக்கல் கூடுதலாக வேண்டும்.

மூலைமட்டம்:

ரசமட்டம் சொல்வது சரி. மூலைவிட்டத்தை அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள். உடைப்பதையும் சேர்த்தால் கூடுதல் செலவு இவ்வாறு வரும்: உடைக்கும் கூலி 15,645. மூன்றங்குலம் தோண்டினால் 261 கன அடி. உடைந்த பிறகு ஒன்றரை மடங்காகப் பெருகி 390 கன அடி. டிராக்டர் நடைக்கு ஒரு யூனிட் வீதம் நான்கு நடை, 6,000. எட்டங்குலக் கல் ஒன்று ஒன்றே முக்கால் கிலோவுக்குக் குறையாது. 1,700 கல் என்றால் மூன்று டன். சிறிய நான்கு சக்கர வண்டியில் ஒரே நடையில் ஏற்ற முடியாது. வைக்கோல் வைத்து அடுக்கி, ஏற்றி இறக்க ஆளையும் சேர்த்து 4,500 என்று போடுகிறேன். துடைத்து மெருகேற்ற 3,000. ஆக 29,000-க்குச் சற்று மேல். திருத்திய ஒப்பந்தத் தொகையோடு சேர்த்தால் 2,15,600. வடிகாலுக்கும் எதிர்பாராததற்கும் இருபதாயிரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த மதிப்பீட்டின் தேதியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பழைய விலையை வைத்து எழுதிய தாளாக இருந்தால் அதையும் கேட்கலாம். முப்பது மூட்டைக்கு அது பெரிய தொகையில்லை என்றாலும்.

பள்ளத்தூர் ஆச்சி:

பிள்ளைகள் எல்லோரும் கணக்கை நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். கோட்டையூர்த் தம்பிக்கு என் பங்குக்கு இரண்டு செய்திகள்.

அடுப்படிக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டாம் என்று நீங்களே முடிவெடுத்தது நல்லது. புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்டால் அந்தக் கல்லின் முகம் வெளுத்துவிடும். ஆனால் திருமணச் சமையல் அடுப்படிக்குள் அடங்காது; தாழ்வாரத்தில்தான் காய் நறுக்குவார்கள், இலை போடுவார்கள். அன்றைக்குத் தரையில் தார்ப்பாய் விரிக்கச் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் சுத்தம் செய்ய வருகிறவர்கள் ஆசிட் பாட்டிலோடு வருவார்கள், வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். உமியைப் போட்டுத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். நடக்க நடக்கத்தான் அந்தக் கல் பளபளப்பாகும். முதல் மாதத்தில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள்.

இன்னொன்று, வீடு பங்காளிகளுக்குப் பொதுவா, தங்களுக்கு மட்டுமா? பொதுவென்றால் செலவைப் பிரிப்பது எப்படி என்று கல் சொல்வதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கோட்டையூர் வாசி:

ஆச்சி, வீடு மூன்று பங்கு. அண்ணன் மலேசியாவில், நான் சென்னையில், தம்பி ஊரில். அறைகளில் ஒன்று அண்ணனுக்கு, மற்றொன்று தம்பிக்கு. எனக்கு மாடியில் ஓர் அறை இருக்கிறது. அதில் இப்போது வேலை இல்லை. கோயில் வரியைப்போலப் புள்ளிக் கணக்கில், அதாவது திருமணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி என்று, பிரிக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். அவர் பக்கம் இரண்டு பிள்ளைகளுக்குத் திருமணமாகிவிட்டதால் அவர்தான் அதிகம் கொடுக்க நேரும். அதனால் தயக்கமாக இருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி:

கோயில் வரி புள்ளிக்கு. வீட்டுச் செலவு பங்குக்கு. அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பட்டாலை, தாழ்வாரம், அடுப்படி ஆகியவை பொது, மூன்றாகப் பிரியுங்கள். அறைக்குள் ஆகும் செலவு அறைக்குரியவருடையது. அண்ணன் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார். மகள் திருமணத்துக்காகத்தானே வேலை நடக்கிறது என்று நினைத்திருப்பார். ஆனால் தரை திருமணத்துக்குப் பிறகும் எல்லோருக்கும்தான் இருக்கப்போகிறது.

மூலைமட்டம்:

ஆச்சி சொன்ன முறைப்படி பிரிக்க வேண்டுமானால் ஒப்பந்தக்காரரிடம் அறைவாரியாகப் பட்டியல் கேளுங்கள். 165 என்ற ஒரே வீதத்தை வைத்துப் பிரித்தால் அறைக்காரர்களுக்கு நட்டம். விட்ரிஃபைடின் அடக்கம் ஆத்தங்குடிக் கல்லைவிடக் குறைவு. இரண்டையும் ஒரே வீதத்தில் கலந்து எழுதியிருக்கிறார். இரண்டு வீதமாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

கோட்டையூர் வாசி:

ஒப்பந்தக்காரரிடம் பேசிவிட்டேன். முற்றத்தின் அளவைச் சொன்னவுடன் மறுப்பேதும் சொல்லாமல் கழித்துக்கொண்டார். ஆத்தங்குடிக் கல் பகுதிக்கு 182 ரூபாய், விட்ரிஃபைடு பகுதிக்கு 132 ரூபாய் என்று இரண்டாகப் பிரித்து எழுதித் தருகிறார். ஸ்கர்ட்டிங்கும் அதே வீதத்தில் அந்தந்தப் பகுதியில் சேரும். மொத்தம் பெரிதாக மாறவில்லை. மூலைவிட்டங்களைத் தம்பி அளந்துவிட்டார்: பட்டாலை சரியாக இருக்கிறது, தாழ்வாரத்தில் ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒன்றரை அங்குலம் வேறுபடுகிறது. ஆத்தங்குடியில் கல் சொல்லும்போது ஓரப் பூக்கல் எத்தனை என்று தனியாகக் கேட்கிறார்கள். தாழ்வாரத்தில் சுவரோரமும் முற்றத்தோரமும் ஒவ்வொரு வரிசை ஓரக்கல் வைக்க விரும்புகிறோம்.

மூலைமட்டம்:

சுவரோர வரிசைக்கு 36-ஐயும் 30-ஐயும் கூட்டி இரட்டித்து, மூலைகள் இருமுறை எண்ணப்படுவதால் நான்கைக் கழித்தால் 128 கல். முற்றத்தோர வரிசை விளிம்புக்கு வெளியே சுற்றி வருவதால் 18-ஐயும் 12-ஐயும் கூட்டி இரட்டித்து நான்கைச் சேர்க்க 64. மொத்தம் 192, அவற்றில் எட்டு மூலைக்கல், மற்ற 184 நேர் ஓரக்கல். மீதி 672 நடுக்கல். மூலைக்கல்லுக்கு அச்சே வேறு என்பதால் எட்டு மட்டும் சொல்லாமல் பன்னிரண்டாகச் சொல்லுங்கள். ஒன்று உடைந்தாலும் அந்த ஒரு கல்லுக்காக மறுபடியும் ஆத்தங்குடிக்குப் போக வேண்டியிருக்கும்.

ரசமட்டம்:

ஒன்றரை அங்குலத்தை நான்கு பக்கமும் பகிர்ந்து மறைக்காதீர்கள். முற்றத்தின் விளிம்பிலிருந்து நூல் பிடித்து ஓரக்கல்லை முதலில் வைத்து, அங்கிருந்து சுவரை நோக்கிப் பதித்து வரச் சொல்லுங்கள். கோணல் முழுவதும் சுவரோரத்தில் போய் நிற்கும். சுவரோர ஓரக்கல்லுக்கும் சுவருக்கும் இடையே ஒற்றை நிறப் பட்டை அதை ஏற்றுக்கொள்ளும். அந்தப் பட்டைக்கு ஓரக்கல்லின் வெளிநிறத்தையே தேர்ந்தெடுங்கள். அதற்கு இடம் விட ஒரு வரிசை நடுக்கல்லைக் குறைக்க வேண்டும். அதனால் சுவரோர ஓரக்கல் 128-க்குப் பதிலாக 120 போதும். பட்டைக்கு வெற்றுக்கல் 128 வேண்டும், உடைசலுக்குப் பத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே கல்லைச் சொல்லி வாங்கி, முகப்பில் செங்குத்தாக நிறுத்தி அடுக்கி வையுங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முகத்தில் கீறல் விழும். முன்பணம் கல்லுக்கு மட்டும் கொடுத்தால் போதும். கூலியைத் தாழ்வாரம் முடிந்ததும் ஒரு பகுதி, பட்டாலை முடிந்ததும் ஒரு பகுதி, ஸ்கர்ட்டிங் முடிந்து தட்டிப் பார்த்த பிறகு மீதி என்று பிரித்துக் கொடுங்கள். நாணயத்தால் ஒவ்வொரு கல்லையும் தட்டும்போது எங்காவது பொள்ளல் ஓசை வந்தால், அந்தக் கல்லை அப்போதே பெயர்த்து மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள்.